மின்விசிறியை மாற்றுமுன் கணக்குப் பாருங்கள்



2024 ஏப்ரல் மாதம். திண்டுக்கல் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சபைப் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். "ஐயா, தனியாய் இருக்கிற பத்து விதவைத் தாய்மாருக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது மின்விசிறி வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். அவர்களுடைய கரண்ட் பில் குறையுமே" என்றார்.

நல்ல எண்ணம்தான். ஆனாலும் கோபுரம் கட்டப்போகிறவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை எனக்கு நினைவுக்கு வந்தது. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

கணக்கு எளிது. ஒரு சாதனத்தின் வாட் அளவை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட்; அறுபது நாளைக்கு 54 யூனிட். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள புது விசிறிக்கு 30 வாட் போதும்; அதே நேரத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட். ஆக, இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம்.

அடுத்து அந்தத் தாய்மாரின் மின் கணக்கீட்டு அட்டைகளை வாங்கிப் பார்த்தோம். ஒரு விளக்கு, ஒரு விசிறி, சிறிய டி.வி. அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு 70, 85, 90 யூனிட் என்றே இருந்தது. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016 மே மாதத்தில் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும். எனவே பத்து வீட்டிலும் கட்டணம் ஏற்கெனவே பூஜ்யம்! 32 யூனிட் குறைந்தாலும் அவர்கள் கையில் ஒரு ரூபாயும் மிஞ்சாது.

ஆசிரியை அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம்முடைய அட்டையை எடுத்து நீட்டினார். கோடையில் அவர் வீட்டுக் கணக்கு 560 யூனிட்.

இங்கே கதையே வேறு. நம் மாநிலத்தில் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மிச்சமாகும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்தே கழியும். ஆகையால் மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை வைத்துக் கணக்கிட்டால் தவறிப்போகும். 2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரையிலான யூனிட்டுக்கு விலை 8 ரூபாய் 55 காசு. அதிகம் ஓடும் இரண்டு விசிறிகளை மாற்றினால் 64 யூனிட் குறைந்து, 560 என்பது 496 ஆகும். 500-க்குள் வந்துவிட்டால் கீழ்ப்படிகளிலும் சலுகை கூடுகிறது. விருந்தினர் அறையில் எப்போதாவது சுற்றும் விசிறியை மாற்றுவதால் அப்படிப்பட்ட பலன் இல்லை.

ஏ.சி. வைத்திருப்போர் நட்சத்திரச் சீட்டைப் பார்த்து வாங்குகிறீர்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2006-இல் தொடங்கிய திட்டம் அது. அந்தச் சீட்டில் 'ஐசீர்' என்றொரு எண் இருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதே அதன் பொருள். 3 உள்ளதை விட்டு 5 உள்ளதை வாங்கினால் மின்செலவு ஐந்தில் இரண்டு பங்கு குறையும். ஆனால் சீட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டுச் செலவு, வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துக் கணக்கிட்டது. நீங்கள் கோடையில் 90 நாள், இரவு 8 மணி நேரம் மட்டும் போட்டால் அது 720 மணி நேரம்தான். மிச்சமும் அதற்கேற்பப் பாதிக்கும் குறைவாகவே வரும். கடைக்காரர் சொல்லும் தொகையை அப்படியே நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

தண்ணீர் சூடாக்கும் ஹீட்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கம்பிச்சுருள் ஹீட்டர் எதுவாயினும், தான் இழுக்கும் மின்சாரம் முழுவதையும் சூடாகவே மாற்றுகிறது. இருபது லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ அரை யூனிட் வேண்டும். 2,000 வாட் ஆனாலும் 3,000 வாட் ஆனாலும் அதே அரை யூனிட். சூடு வெளியேறாத நல்ல தொட்டி, தேவைக்கு மேல் சூடாக்காத பழக்கம், அல்லது சூரிய வெந்நீர்க் கருவி, இவையே மிச்சம் தரும். கொடைக்கானலில் இருக்கும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த மதிப்பீட்டிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரைக் குறைத்து ஓட்டிய பழைய விசிறி 75 வாட்டுக்கும் குறைவாகவே இழுத்திருக்கும். மேலும், "குறைந்த செலவுதானே" என்று புதியதைக் கூடுதல் நேரம் ஓட விடுவது மனித சுபாவம். நிலக்கரி இயந்திரங்களில் இதே போக்கை ஜெவன்ஸ் என்ற ஆங்கில அறிஞர் 1865-இலேயே சுட்டிக்காட்டினார். மாற்றிய பின் பலன் வந்ததா என்று அறிய மே மாத பில்லை ஜனவரி பில்லோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் மே மாத பில்லோடு ஒப்பிடுங்கள்.

பெண்கள் சங்கத்தார் என்ன செய்தார்கள்? விசிறியே பழுதாகிக் கிடந்த இரண்டு வீட்டுக்குப் புது விசிறி வாங்கினார்கள். மீதிப் பணத்தில், கான்கிரீட் கூரை உள்ள வீடுகளின் மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார்கள். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கூரை அவ்வளவாகக் காயாது. "ராத்திரி தூக்கம் வருதுய்யா" என்று ஒரு தாயார் என்னிடம் சொன்னார்கள். அந்தத் தாய்மாருக்குத் தேவைப்பட்டது அந்தத் தூக்கமே. பில்லில் குறைய ஒன்றும் இருக்கவில்லை.

ஆசிரியை அம்மையார் தம் வீட்டு விசிறிகள் இரண்டைத் தம் சொந்தச் செலவில் மாற்றிக்கொண்டார். அட்டையைப் பார்க்காமல் யாருக்கும் எதுவும் வாங்குவதில்லை என்பது இப்போது அவர்கள் சங்கத்தில் வழக்கமாகிவிட்டது.