நாட்காட்டியில் அயர்லாந்து

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்த தீவு அயர்லாந்து. ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்பு அங்கு ஓயங்கஸ் என்னும் துறவி வாழ்ந்தார். அவர் ஆண்டின் 365 நாள்களுக்கும் நாளுக்கு ஒரு பாடலாக நூல் ஒன்றை இயற்றினார். அந்தந்த நாளில் நினைக்கத்தக்க அடியார்களின் பெயர்களை அப்பாடல்கள் கூறின. சமயச் சான்றோர் இலத்தீன் மொழியைப் போற்றிய அக்காலத்தில், மக்கள் பேசிய ஐரிஷ் மொழியிலேயே அவர் அந்நூலைப் பாடினார்.

நாளைக் கொண்டு மனிதரை நினைக்கும் இவ்வழக்கம் அயர்லாந்தில் நெடுங்காலம் தொடர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியால் மடங்கள் அழிந்தன, பழஞ்சுவடிகள் சிதறின. அப்போது மீஹால் ஓ கிளேரி என்னும் துறவி ஊர் ஊராகச் சென்று எஞ்சிய சுவடிகளைத் தேடிப் படியெடுத்தார். தம் துணைவர்களுடன் 1632 ஜனவரி 22 அன்று ஒரு பெருநூலை எழுதத் தொடங்கி, 1636 ஆகஸ்டு 10 அன்று முடித்தார். ஆண்டுவாரியாக அயர்லாந்தின் வரலாற்றைக் கூறும் அந்நூல் ‘நால்வர் ஆண்டுக் குறிப்புகள்’ என்று பெயர் பெற்றது. அன்று அவர்கள் எழுதி வைத்திராவிட்டால் பல செய்திகள் சுவடிகளோடு மறைந்திருக்கும்.

அந்நாட்டின் நாட்காட்டியில் உள்ள சில நாள்களை இப்பாடம் விளக்குகிறது.

ஆண்டின் நான்கு வாயில்கள்

பழங்கால அயர்லாந்து மக்கள் ஆண்டை நான்கு பருவங்களாகப் பகுத்தனர். பிப்ரவரி முதல் நாள் இளவேனிலின் தொடக்கம். மே முதல் நாளில் கோடையும், ஆகஸ்டு முதல் நாளில் அறுவடையும் தொடங்கின. நவம்பர் முதல் நாள் குளிர்காலத்தின் தொடக்கம். ஆடுமாடுகளை மேய்ச்சலுக்கு அனுப்புவதும், அவற்றைத் திரும்ப ஓட்டி வருவதும், கதிர் அறுப்பதும் இந்நாள்களை ஒட்டியே நடந்தன.

இன்றும் ஐரிஷ் மொழியில் மே மாதத்தின் பெயர் ‘பியால்ட்டினே’. ஆகஸ்டு மாதம் ‘லூனசா’ என்றும் நவம்பர் மாதம் ‘சவின்’ என்றும் வழங்குகின்றன. இவை மூன்றும் பழைய திருநாள்களின் பெயர்களே. சவின் திருநாளுக்கு முந்தைய இரவே பிற்காலத்தில் ‘ஹாலோவீன்’ என்று உலகெங்கும் பரவியது. பிப்ரவரி முதல் நாள் பிரிஜிட் என்னும் பெண் அடியாரின் திருநாளாகும். 2023ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் அரசு பொது விடுமுறை வழங்குகிறது.

மார்ச் 17: அடிமையாக வந்தவரின் நாள்

அயர்லாந்தின் நாட்டுத் திருநாள் மார்ச் 17. அது பேட்ரிக் அடியாரின் நினைவுநாள். அவர் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர், பிரிட்டனில் பிறந்தவர். ஐந்தாம் நூற்றாண்டில், பதினாறு வயதுச் சிறுவனாக இருந்தபோது கொள்ளையர் அவரைப் பிடித்து வந்து அயர்லாந்தில் அடிமையாக்கினர். ஆறு ஆண்டுகள் மந்தை மேய்த்த பின் அவர் தப்பி ஊர் சேர்ந்தார். பிற்காலத்தில், தம்மை அடிமைப்படுத்திய மக்களிடமே சமயப் பணி ஆற்றத் திரும்பி வந்தார். இச்செய்திகளை அவரே எழுதி வைத்துள்ளார்.

இத்திருநாளைப் பெருவிழாவாக மாற்றியவர்களுள் புலம்பெயர்ந்த அயர்லாந்து மக்கள் குறிப்பிடத்தக்கவர்கள். நியூயார்க் நகரில் 1762ஆம் ஆண்டிலேயே இந்நாளில் ஊர்வலம் நடைபெற்றது. பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் இருந்தவர்களுக்கு, ஆண்டில் ஒரு நாளாவது ஒன்றுகூடித் தம்மை யார் என்று நினைத்துக்கொள்ளும் தேவை இருந்தது.

நாள் குறிக்க இயலாத துயரம்

அயர்லாந்து வரலாற்றின் மிகப்பெரிய துயரத்தை ஒரே நாளில் அடக்க இயலாது. 19ஆம் நூற்றாண்டில் ஏழை உழவர்களின் முதன்மை உணவு உருளைக்கிழங்கு. 1845ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவகை நோய் தாக்கி, கிழங்குகள் மண்ணிலேயே அழுகின. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் பொய்த்தது. அதே வேளையில் தானியமும் கால்நடைகளும் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. வாடகை கட்ட இயலாத உழவர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பசியாலும் நோயாலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்தனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி அயல்நாடு சென்றனர். 1841ஆம் ஆண்டில் 80 இலட்சத்துக்கும் மேலாக இருந்த மக்கள்தொகை, 1851ஆம் ஆண்டில் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்தது.

பஞ்சத்தில் மிகுதியாக மாண்டவர்களும் நாடு நீங்கியவர்களும் மேற்குப் பகுதியின் ஏழைகள். ஐரிஷ் மொழி பேசியோர் அவர்களே. ஆகவே மக்களோடு மொழியும் குன்றியது. 1831ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்ட நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருந்தது. சில ஊர்களில் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். குழந்தை ஐரிஷ் மொழியில் பேசும்போதெல்லாம் அக்குச்சியில் ஒரு வெட்டுக்குறி விழும். மாலையில் குறிகளை எண்ணித் தண்டனை தருவார்கள். பெற்றோரும் இதற்கு உடன்பட்டனர். அவர்கள் தம் மொழியை வெறுத்தவர்கள் அல்லர். அயல்நாட்டில் பிழைக்க ஆங்கிலம் வேண்டும், தம்மொழி பிள்ளைகளுக்குத் தடையாகிவிடும் என்று அஞ்சினார்கள்.

ஜூலை 31: ஒரு சங்கத்தின் பிறந்தநாள்

டக்ளஸ் ஹைடு 1860 ஜனவரி 17 அன்று ராஸ்காமன் மாவட்டத்தில் பிறந்தார். அவர் தந்தை ஆங்கிலம் பேசிய சமயகுரு. வீட்டில் ஐரிஷ் மொழி இல்லை. ஆனால் சிறுவன் ஹைடு, அக்கம்பக்கத்து முதியோரிடமும் பணியாளரிடமும் பேசிப் பேசி அம்மொழியைக் கற்றான். கேட்ட சொற்களைத் தனக்குத் தெரிந்த எழுத்துகளில் குறித்து வைத்தான். பிற்காலத்தில் நாட்டுப்புறக் கதைகளையும் பாடல்களையும் தொகுத்து வெளியிட்டார்.

1893 ஜூலை 31 அன்று டப்ளின் நகரில் ‘கேலிக் சங்கம்’ தோன்றியது. அதன் தலைவர் ஹைடு. ஐரிஷ் மொழியை எல்லாரும் கற்கச் செய்வதே அதன் நோக்கம். சங்கத்தின் ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று வகுப்புகள் நடத்தினர். 1938 ஜூன் 25 அன்று ஹைடு அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.

ஏப்ரல் 24: எழுச்சி

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை. டப்ளின் தலைமை அஞ்சலகத்தின் முன்னே நின்று பேட்ரிக் பியர்ஸ் என்பவர் விடுதலை அறிக்கையைப் படித்தார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஐரிஷ் மொழிக் கல்விக்கென 1908ஆம் ஆண்டில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கியவர். அப்பள்ளிக்குப் பொருள் திரட்ட 1913ஆம் ஆண்டு மே மாதத்தில் தாகூரின் ‘அஞ்சலகம்’ நாடகம் டப்ளினில் அரங்கேறியது.

எழுச்சி ஆறு நாள்களில் அடக்கப்பட்டது. மே 3 முதல் 12 வரை, பியர்ஸ் உள்ளிட்ட 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடக்கத்தில் எழுச்சியை ஆதரிக்காத மக்கள் பலர், இத்தண்டனைகளால் மனம் மாறினர். 1919 ஜனவரி 21 அன்று அயர்லாந்தின் பிரதிநிதிகள் டப்ளினில் தம் முதல் நாடாளுமன்றத்தைக் கூட்டினர். நடவடிக்கைகள் பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் நடைபெற்றன. 1921 டிசம்பர் 6 அன்று பிரிட்டனுடன் உடன்படிக்கை கையெழுத்தானது. சரியாக ஓராண்டு கழித்து, தீவின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றது. வடபகுதி பிரிட்டனுடனேயே நின்றது.

1937 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த அந்நாட்டு அரசமைப்புச் சட்டம், ஐரிஷ் மொழியை முதல் அலுவல் மொழியாக அறிவித்தது. அரசு பின்பற்ற வேண்டிய சமூக நெறிகளையும் அது வகுத்தது. இந்திய அரசமைப்பிலுள்ள ‘அரசின் வழிகாட்டு நெறிமுறைகள்’ என்னும் பகுதிக்கு அதுவே முன்மாதிரி.

ஒரு நாள், இரு நினைவுகள்

ஒரே நாள் சிலருக்கு வெற்றியாகவும் சிலருக்கு வேதனையாகவும் அமைவதுண்டு. 1690ஆம் ஆண்டு பாய்ன் ஆற்றங்கரைப் போரில் மூன்றாம் வில்லியம் மன்னர், இரண்டாம் ஜேம்ஸ் மன்னரை வென்றார். அன்றைய நாட்காட்டியின்படி அது ஜூலை 1. 1752ஆம் ஆண்டில் பிரிட்டனும் அயர்லாந்தும் புதிய நாட்காட்டிக்கு மாறின. செப்டம்பர் 2ஆம் நாளை அடுத்து 14ஆம் நாள் வந்தது. இன்று வட அயர்லாந்தில் அவ்வெற்றி விழா ஜூலை 12 அன்று நடைபெறுகிறது. சீர்திருத்தச் சமயத்தாருள் பலர் அந்நாளைக் கொண்டாடுகின்றனர். கத்தோலிக்கர் பலருக்கு அது தம் முன்னோர் உரிமையிழந்ததை நினைவூட்டும் நாள்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பிளவு பெரும் வன்முறையாக வெடித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் 3,500 பேர் அளவில் உயிரிழந்தனர். 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று அமைதி உடன்பாடு எட்டப்பட்டது. மே 22 அன்று எல்லையின் இருபுறத்து மக்களும் வாக்களித்து அதனை ஏற்றனர்.

இந்தியாவோடு இணைந்த மூன்று பிறந்தநாள்கள்

மே 7: இராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர். 1838ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து, பின் இடையன்குடியில் வாழ்ந்தார். 1856ஆம் ஆண்டில் வெளியான அவரது ஒப்பிலக்கண நூல், தமிழும் அதன் இனமொழிகளும் தனியொரு மொழிக்குடும்பம் என்பதைச் சான்றுகளுடன் நிறுவியது.

அக்டோபர் 28: மார்கரெட் நோபிள் 1867ஆம் ஆண்டு டைரோன் மாவட்டத்தில் பிறந்தார். விவேகானந்தரின் மாணவியாகி ‘நிவேதிதை’ எனப் பெயர் பெற்றார். கொல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். பாரதியார் இவரைக் குருவாகப் போற்றினார்.

நவம்பர் 7: மார்கரெட் கசின்ஸ் 1878ஆம் ஆண்டு ராஸ்காமன் மாவட்டத்தில் பிறந்தார். சென்னை அடையாற்றில் 1917ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். நாட்டுப்பண்ணின் இசைக்குறிப்பை 1919ஆம் ஆண்டில் மதனப்பள்ளியில் எழுதியவரும் இவரே.

மொழியின் இன்றைய நிலை

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமக்கு ஐரிஷ் மொழி பேசத் தெரியும் என்று அயர்லாந்துக் குடியரசில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூறினர். ஆனால் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அம்மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர் மட்டுமே. சட்டம் மொழிக்கு உயர்ந்த இடம் தந்தது. பள்ளிகள் அதனைக் கற்பித்தன. எனினும் வீட்டில் ஒருமுறை நின்றுபோன பேச்சை மீண்டும் தொடங்குவது அரிதாகவே உள்ளது. ஆகவே ஆண்டுதோறும் மார்ச் 1 முதல் 17 வரை மொழி விழா நடத்துகின்றனர். தெரிந்த சிறிதளவையாவது அந்நாள்களில் கடையிலும் தெருவிலும் பேசுமாறு அனைவரையும் ஊக்குவிக்கின்றனர்.

டிசம்பர் 21: ஒளி புகும் நாள்

பாய்ன் ஆற்றங்கரை அருகே நியூகிரேஞ்ச் என்னும் கல்மேடு உள்ளது. 5,000 ஆண்டுகளுக்கு முன்பு கட்டப்பட்டது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் கொண்ட டிசம்பர் 21ஆம் நாளை ஒட்டிய சில காலைகளில், வாயிலின் மேலுள்ள சிறு திறப்பு வழியே கதிரவன் ஒளி நுழைகிறது. ஏறத்தாழ 19 மீட்டர் நீளமுள்ள இடைவழியைக் கடந்து, இருண்ட உள்ளறையைச் சுமார் 17 நிமிடம் ஒளிரச் செய்கிறது. அதைக் கட்டியவர்களின் மொழியும் பெயரும் எவருக்கும் தெரியா. அவர்கள் குறித்து வைத்த நாள் மட்டும் இன்றளவும் தவறாமல் வருகிறது.

சொல்லும் பொருளும்

சுவடி – பழைய கையெழுத்து நூல்
மந்தை – ஆடுமாடுகளின் கூட்டம்
குன்றியது – குறைந்தது
எழுச்சி – கிளர்ந்து எழுதல்
இனமொழிகள் – ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள்

விடை எழுதுக

1. ஓயங்கஸ் இயற்றிய நூலின் சிறப்பு யாது?
2. அயர்லாந்துப் பெற்றோர் தம் பிள்ளைகள் ஐரிஷ் மொழி பேசுவதைத் தடுக்க உடன்பட்டது ஏன்? அவர்கள் செய்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. டக்ளஸ் ஹைடு ஐரிஷ் மொழியை எவ்வாறு கற்றார்?
4. ‘மொழி தெரிவது வேறு, பேசுவது வேறு.’ பாடத்தின் துணையுடன் விளக்குக.

செயல்பாடு

உம் குடும்பத்தினர் மறவாத ஒரு நாளைப் பற்றித் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் தமிழில் கேட்டறிக. அந்த நாள், ஆண்டு, ஊர், நிகழ்வு ஆகியவற்றைக் குறித்து ஐந்து தொடர்கள் எழுதுக.