பெயருக்கு ஒரு வால் வேண்டுமாம்!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் உபாத்தியாயர்களாகிய நமக்குப் பாடம் சொல்லும் வேலை குறைந்து, குமாஸ்தா வேலை கூடிவிடுகிறது. காலையில் ஜவ்வாது மலையிலிருந்து முதல் பஸ் திருப்பத்தூருக்கு வந்து சேரும். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று மலைநாடுகளிலிருந்தும் தகப்பனார்கள் துணிப்பையும் கையுமாக இறங்குவார்கள். பையினுள் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருக்கும். "நீங்களே பார்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஐயா!" என்று சொல்லி நம் எதிரே அமர்ந்துவிடுவார்கள். எழுதிக் கொடுப்பது எளிது. எழுதியது ஒரு பிள்ளையை வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதை நாம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். அந்தக் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்ல வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டு மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறினாள். அவள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் வேறு எவரும் இல்லை. வெளி மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் சேர விரும்பினாள். விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்ப உட்கார்ந்தோம். தன் பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் ஆயின. அடுத்த கட்டத்தில், 'குடும்பப் பெயர்' என்று கேட்டுச் சிவப்பு நட்சத்திரம் ஒன்று மின்னியது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இட்டோம். ஓர் எழுத்து போதாது என்று கணினி மறுத்துவிட்டது. வெறுமையாக விட்டோம். மேலே போக வழிவிடவில்லை.

"உங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஏதாவது உண்டா?" என்று தகப்பனாரைக் கேட்டோம்.

அவர் சற்று யோசித்து, "எங்கள் மலையில் எல்லோருக்கும் ஒரே பெயர்தான் ஐயா, மலையாளி" என்றார்.

நாமும், 'ஆகா, தீர்ந்தது சங்கடம்' என்று அதையே எழுதிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்துத் தகப்பனார் வாடிய முகத்துடன் வந்தார். பழங்குடியினருக்குரிய இடத்தில் சேர்ந்த பெண்ணின் பெயருக்குப் பின்னால் 'மலையாளி' என்று கண்ட அலுவலர், அவள் கேரளத்துப் பெண் என்றே முடிவு செய்துவிட்டாராம். "மலையாளம் பேசும் உனக்குத் தமிழ்நாட்டுப் பழங்குடிச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டாராம். மலையாளத்தில் ஒரு சொல்லும் அறியாத பெண் என்ன பதில் சொல்லுவாள்? அழுதுகொண்டே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். பிழை செய்தது அவளும் அல்ல, அந்த அலுவலரும் அல்ல. பேனா பிடித்த நாம்தான்.

மலையாளி என்பவர் யார்?

ஜவ்வாது மலையிலும், ஏலகிரி, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றிலும் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே சொல்லின் பொருள். அவர்களுடைய தாய்மொழி தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று சகோதரர்களே ஆதி புருஷர்கள் என்பதும் அவர்களிடையே வழங்கிவரும் கதை. 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு பாகங்களாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய பெருநூலிலும் இக்கதை இடம் பெற்றிருக்கிறது.

கேரள மக்களைக் குறிக்கும் சொல்லும் 'மலை' என்ற அதே வேரிலிருந்து பிறந்ததுதான். வேர் ஒன்றானாலும் கிளைகள் வேறு. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மலையாளிப் பழங்குடியினர் 3,57,980 பேர். மாநிலத்தின் பழங்குடி மக்கள் 7,94,697 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இவர்களே. ஆனால் அதே கணக்கெடுப்பில் கேரளத்தின் ஜனத்தொகை 3 கோடிக்கு மேல். பெரிய கூட்டத்தின் பெயர் காதில் விழுந்தால் சிறிய கூட்டம் யாருக்கு ஞாபகம் வரும்?

பெயரோடு இடமும் பிணைந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் மலையாளிகளைப் பழங்குடியினராகக் குறிக்கும்போது, தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களின் பெயர்களைச் சொல்லியிருக்கிறார்கள். அக்கால வட ஆர்க்காட்டைச் சேர்ந்தபடியால் நம் திருப்பத்தூர் மலைக்கு அந்தச் சலுகை கிட்டியது. பட்டியலில் கோயம்புத்தூர் ஜில்லா இல்லை. ஆகவே, அன்று அந்த ஜில்லாவிலும் பின்னர் ஈரோடு ஜில்லாவிலும் அடங்கிய பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள், தங்களையும் சேர்க்குமாறு நெடுங்காலமாகக் கேட்டுவந்தார்கள். ஒரு சொல் ஒரு காகிதத்தில் ஏறுவதிலும் ஏறாமற்போவதிலும் இத்தனை விஷயம் இருக்கிறது!

வால் முளைத்த வரலாறு

இந்தக் குடும்பப் பெயர் என்பது உலகெங்கும் ஆதிகாலம் தொட்டு இருந்துவருவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். விசாரித்துப் பார்த்தால் பல தேசங்களில் அது சர்க்கார் உத்தரவினால் வந்தது என்று தெரிகிறது.

ஐரோப்பாவின் நடுவில் உள்ள செக் தேசத்தை எடுத்துக்கொள்ளலாம். முன்பு அங்கே குடியானவன் ஒருவன் வேறொரு பண்ணை வீட்டுக்குக் குடிபோனால், அந்த வீட்டின் பெயரே அவனுக்கும் பெயராகிவிடும். பெயர் மனிதனைத் தொடராமல் வீட்டோடு தங்கிவிட்டது. வரி வசூலிப்பவருக்கும் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவருக்கும் இதனால் எவ்வளவு தொல்லை! வியன்னாவிலிருந்து அரசாண்ட இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி, 1786இல், தகப்பன் பெயரே பிள்ளைகளுக்கும் நிலையாக வரவேண்டும் என்று கட்டளையிட்டார். அன்று எவனுக்கு எந்தப் பெயர் ஒட்டியிருந்ததோ அது வம்சம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. புதிதாகக் குடியேறியவன் 'நோவாக்' ஆனான்; இன்று அங்கே மலிந்து கிடக்கும் பெயர் அதுதான். அபூர்வமான பெயர்களும் உண்டு. 'நெயெஸ்க்லெபா' என்றால் 'ரொட்டி தின்னாதே' என்று அர்த்தம். 'ஸ்கோச்தொபொலே' என்றால் 'வயலில் குதி'! யாரோ ஒருவரைக் கிண்டல் செய்ய ஊரார் இட்ட பட்டப்பெயர், பேரன் பேத்திகளுக்கெல்லாம் சொத்தாக வந்துவிட்டது. பெண்களானால் 'நோவாகோவா' என்று பெயரின் ஈறும் மாறும். விரும்பாத பெண்கள் அந்த ஈற்றை விட்டுவிடலாம் என்ற உரிமை 2022இல்தான் எல்லோருக்கும் கிடைத்தது.

துருக்கியில் 1934இல் சட்டம் செய்து ஜனங்கள் அனைவரையும் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். தேசத்தலைவர் முஸ்தபா கெமாலுக்குத் 'துருக்கியரின் தந்தை' என்று பொருள்படும் 'அத்தாதுர்க்' என்ற பெயரைப் பாராளுமன்றமே வழங்கியது.

ஐஸ்லாந்துக்காரர்களோ இன்றளவும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதே அவர்கள் பெயரின் இரண்டாம் பகுதி. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். ஆகவே அச்சிட்ட தொலைபேசிப் புத்தகம் இருந்த நாளில் அதில்கூட ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரின் வரிசையிலேயே இடம் பெற்றார்கள்.

நம்முடைய வழக்கம்

தமிழரின் பழைய வழக்கமும் இதுவே. சங்கப் புலவர் ஒருவரை 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று ஏடுகள் குறிக்கின்றன. ஊர், தந்தை, தாம் என்று மூன்றும் வரிசையாக வந்துவிட்டன. கணக்காயர் என்றால் உபாத்தியாயர். நம் தொழிலைச் சேர்ந்த ஒருவருடைய பிள்ளை அத்தனை பெரிய புலவர் என்பதில் நமக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு! பல நூற்றாண்டுகள் கழித்துப் பார்த்தாலும், உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர் 'உ. வே. சா.' என்று அதே வரிசையில் நிற்கிறார். நீண்ட சொற்கள் எழுத்துக்களாகச் சுருங்கியது ஒன்றுதான் மாற்றம்.

வாலாக நம்மிடம் இருந்தது ஜாதிப் பட்டம். 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெயருக்குப் பின்னால் அதைச் சேர்க்கலாகாது என்று தீர்மானித்தது. பிறகு தமிழ்நாட்டில் பட்டம் உதிர, தகப்பனார் பெயரின் முதலெழுத்து நிலைத்தது. பேரைக் கேட்டவுடன் ஜாதியை அறிந்துகொள்ளும் வழி அடைபட்டது. அது நமக்கு நஷ்டமா, லாபமா என்று நேயர்களே முடிவு செய்யலாம்.

இதை அறியாத அன்னியர் நம் பெரியோர்களின் பெயர்களை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். 'ஸ்ரீநிவாச ராமானுஜன்' என்பதில் ஸ்ரீநிவாசன் என்பது கணித மேதையின் பெயர், ராமானுஜன் என்பது குடும்பப் பெயர் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் ஸ்ரீநிவாசய்யங்கார் அவருடைய தகப்பனார். சர் சி. வி. ராமனின் தகப்பனார் சந்திரசேகரய்யர். மகனுக்கு இட்ட வேங்கடராமன் என்ற ஒரே பெயர் இரண்டாகப் பிளந்து, பிற்பாதி மட்டும் 'ராமன் விளைவு' என்று உலகப் புகழ் பெற்றது. நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1988இல் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு '4130 ராமானுஜன்' என்று பெயர். வானத்தில் ஏறும்போதும் அவர் தம் சொந்தப் பெயரோடுதான் ஏறினார்.

கப்பலிலும் கவிதையிலும் பிறந்த பெயர்கள்

தமிழருக்குக் குடும்பப் பெயரே உண்டாகவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளுடன் நேட்டாலுக்குப் போயிற்று. ஏறியவரின் பெயர், தகப்பன் பெயர், ஜாதி, கிராமம், தாலூகா எல்லாம் பட்டியலில் பதிந்தன. போன இடத்தில் சர்க்கார் ஏடுகளுக்குக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. தகப்பன் பெயரோ, ஜாதிப் பட்டமோ அந்த இடத்தை நிரப்பியது. தென்னாப்பிரிக்காவில் இன்று வழங்கும் 'கோவெண்டர்' நம் கவுண்டர்தான். 'மூட்லி' என்பவர் முதலியார். தமிழை மறந்த கொள்ளுப்பேரர்களிடமும் குமாஸ்தா எழுதிய எழுத்துக்கள் மறையாமல் இருக்கின்றன.

வேறு வகையில் பிறந்த பெயரும் ஒன்று உண்டு. சின்னசாமி அய்யரின் மகன் சுப்பிரமணியனுக்கு எட்டயபுரத்தில் 'பாரதி' என்ற பட்டம் கிடைத்தது. அவருடைய பெண்கள் தங்கம்மாள் பாரதி, சகுந்தலா பாரதி என்று அதையே தங்கள் பெயரோடு இணைத்துக்கொண்டார்கள். உத்தரவு எதுவும் இல்லாமல், அன்பினால் அமைந்த குடும்பப் பெயர் அது.

இன்றைய சங்கடம்

ஆனால் உலகம் சுருங்கிவிட்ட இந்நாளில் வால் இல்லாத பெயருடன் புறப்பட்டால் வழியில் தடை ஏற்படுகிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயரின் இடத்தில், 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்துக்களை அச்சிடுகிறார்கள். தாயும் தந்தையும் ஆசையாக வைத்த பெயர் குடும்பப் பெயரின் கட்டத்துக்குப் போய்விடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோருக்கு அனுமதி இல்லை என்று அறிவித்துப் பலரைக் கதிகலங்க வைத்தன. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கினார்கள்.

இதற்காக நாம் பழைய ஜாதி வால்களைத் தேடி ஓட வேண்டியதில்லை. நம் அனுபவத்தில் கண்ட வழி எளியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே, முதலெழுத்து இன்னாருடையது என்று தகப்பனார் பெயரையோ தாயார் பெயரையோ முழுமையாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் அந்த முழுப் பெயரையே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். தமிழில் கையெழுத்திடும்போது முதலெழுத்தையும் தமிழிலேயே இடுங்கள். 2021இல் தமிழ்நாட்டு அரசும் இதை வற்புறுத்தி ஆணை பிறப்பித்திருக்கிறது.

நம் மாணவியின் கதை என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்பீர்கள். கோட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றிதழையும், பள்ளிப் பதிவேட்டின் நகலையும், 'இது எம்முடைய பிழை' என்று நாம் எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தகப்பனாருடன் நாமும் ரயில் ஏறினோம். அலுவலர் பொறுமையாகவே கேட்டார். "தமிழ் பேசும் மலையாளி என்று ஒரு ஜனம் உண்டு என்பதை இன்றுதான் அறிந்தேன்" என்றார். குடும்பப் பெயரின் கட்டத்தில் தகப்பனாரின் முழுப்பெயர் ஏறியது. அதைத் திரையில் கண்டபோது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தம் பெயரை யாரோ அச்சில் போட்டு மரியாதை செய்ததுபோல் மலர்ந்துவிட்டது.

பெண் படித்து முடித்து இப்போது உத்தியோகத்தில் இருக்கிறாள். போன ஜூன் மாதம் மலைநாட்டுப் பையன் ஒருவனைச் சேர்க்க வந்தார்கள். பெயரை எழுதுமுன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, உன் பெயரையும் அப்பா அம்மா பெயரையும் நீயே ஒரு முறை எழுதிக் காட்டு" என்றோம். அவன் எழுதிய பிறகே பதிவேட்டைத் திறந்தோம்.