எலும்பு வைத்திருக்கும் கணக்கு

ஈ.எஸ்.ஆர். என்றதும் எங்கம்மா, "ரத்த டெஸ்ட்டுதானே, எனக்கும் எடுத்தாங்களே" என்றார். அது வேறு. நான் எழுதப்போவது எலெக்ட்ரான் ஸ்பின் ரெசனன்ஸ், அதாவது எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு பற்றி. 1944-ல் கசான் நகரில் சவோய்ஸ்கி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. பேர்தான் பெரிசு. மைக்ரோவேவ் லேபில் கிளைஸ்ட்ரான் பெஞ்ச் முன்னால் நின்றவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலும் அவை ஜோடியாக இருப்பதால் ஒன்றின் காந்தத்தை மற்றது ரத்து செய்துவிடும். ஜோடி இழந்த எலெக்ட்ரானைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதற்கு இரண்டு சக்தி நிலைகள் கிடைக்கும். அந்த இடைவெளிக்குச் சரியான மைக்ரோவேவைக் கொடுத்தால், அதை உறிஞ்சிக்கொண்டு மேலே தாவும். 1 டெஸ்லாவுக்குச் சுமார் 28 கிகாஹெர்ட்ஸ் என்பது கணக்கு. 9.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 3,390 காஸ். நம்ம எக்ஸ்-பேண்டேதான்! அலைவரிசையை மாற்றாமல் புலத்தை மெதுவாக ஏற்றினால், உறிஞ்சும் இடத்தில் ரெக்கார்டரில் ஒரு நெளிவு விழும். நெளிவின் உயரம்தான் தனி எலெக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு அளவு.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எதைச் சொன்னாலும் "இதனால என்ன பிரயோஜனம்?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் எல் சால்வடாரில் இருக்கிறது.

1989 பிப்ரவரி 5. சான் சால்வடார் அருகே, மருத்துவப் பொருள்களைக் கோபால்ட்-60 கதிரால் கிருமிநீக்கம் செய்யும் ஆலை. கதிர்மூலம் கீழே இறங்காமல் சிக்கிக்கொண்டது. பாதுகாப்பு ஏற்பாடுகள் ஏற்கெனவே சீர்கெட்டிருந்தன. ஆபரேட்டர் அவற்றையும் மீறி, இன்னும் இரண்டு தொழிலாளிகளோடு உள்ளே போய்க் கையாலேயே அதை விடுவிக்கப் பார்த்தார். மூவரில் இருவருக்குக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஒருவர் ஆறரை மாதத்தில் இறந்துபோனார். ஆபரேட்டர் என்பது டிப்ளமா முடித்து நாமும் போகக்கூடிய வேலைதான் என்பதை நினைத்துக்கொண்டே இதைப் படித்தேன்.

எந்த உறுப்பில் எவ்வளவு கதிர் பட்டது? ரத்தப் பரிசோதனை உடம்பு முழுவதற்கும் ஒரு சராசரியைத்தான் சொல்லும். காலில் மட்டும் பட்டதைச் சொல்லாது. எலும்பு சொல்லும். அதன் தாதுப்பொருள் ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட், இடையிடையே கொஞ்சம் கார்பனேட். காமா கதிர் பட்டால் அந்தக் கார்பனேட்டிலிருந்து தனி எலெக்ட்ரானோடு ஒரு துணுக்கு உண்டாகும். ஈரமான சதையில் இத்தகைய துணுக்குகள் கணத்தில் மறைந்துவிடும். படிகத்துக்குள் சிக்கியது போக வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். அந்த விபத்தில் அகற்றிய எலும்பை அப்படித்தான் ஈ.எஸ்.ஆரில் வைத்துப் பார்த்தார்கள்.

நெளிவை டோஸாக மாற்றும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே எலும்புத் துண்டுக்குத் தெரிந்த அளவு கதிரை, உதாரணமாக 10, 20, 30 கிரே என்று, மேலும் மேலும் கொடுத்து ஒவ்வொரு தடவையும் உயரத்தைக் குறிக்க வேண்டும். கிராஃப் தாளில் நேர்கோடு வரும். அதை இடப்பக்கம் பின்னோக்கி நீட்டினால், பூஜ்யத்துக்கு அந்தப்பக்கம் கிடைமட்ட அச்சைத் தொடும். அந்தத் தூரம்தான் முதலில் பட்ட டோஸ். ஒவ்வொரு எலும்பும் தனக்குத்தானே அளவுகோல்!

உயிரோடிருக்கும் எலும்பு பழையதைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருப்பதால், ஆண்டுகள் போகப் போகக் கணக்கு மங்கும். பல் எனாமல் அப்படிப் புதுப்பிப்பதில்லை. ஹிரோஷிமாவில் தப்பியவர்களின் பற்களை அதனால்தான் ஆராய்ந்தார்கள். முன்பல்லைவிடக் கடைவாய்ப்பல் நல்லது, ஏனென்றால் வெயிலின் புற ஊதாக் கதிரும் முன்பல்லில் இதே குறியை உண்டாக்கும். கதிரூட்டிய கோழிக்கறியை அதன் எலும்பை வைத்தே கண்டுபிடிக்கும் முறையும் ஐரோப்பாவில் உண்டு.

பல்லைப் பிடுங்காமல் வாயில் வைத்தே அளக்கும் கருவியும் வந்துவிட்டது. வாயில் ஈரம் அதிகம், 9.5 கிகாஹெர்ட்ஸைத் தண்ணீரே உறிஞ்சிவிடும். அதனால் 1.2 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டார்கள். காந்தப்புலம் எவ்வளவு வேண்டும்? கணக்கு மேலே இருக்கிறது, போட்டுப் பாருங்கள். 430 காஸுக்குப் பக்கத்தில் வரும்.