படகில் இறுகிப்போன திருகாணிகள்

மேற்குக் கடற்கரைக்கு அப்பாலுள்ள தனிப் பொருளாதார மண்டலத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்களுக்கு மீன்பிடிப்பு தடை செய்யப்படுகிறது. மீன்வளம் பெருகுவதற்கென ஏற்பட்ட இக்காலமே விசைப்படகுகளின் பழுதுபார்க்கும் பருவமாகவும் அமைந்துவிட்டது. வேராவலிலும் கொச்சியிலும் கரையேற்றப்பட்ட படகுகளில் இந்நாட்களில் மிகுதியான நேரத்தை விழுங்குவது எஞ்சின் அன்று. கழல மறுக்கும் திருகாணிகளே எனலாம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்பை எடுத்துக்கொள்வோம். அதனுள் சுழலும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்தால், மூடியிலுள்ள சில திருகாணிகளைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். நடுக்கடலில் அவை கழலாவிடில் எஞ்சினை நிறுத்த நேரிடும். படகு அலையின் போக்கில் மிதக்கும். காற்று வலுத்துள்ள வேளையில் இது உயிர் பற்றிய விஷயமாகும்.

இறுக்கத்திற்குக் காரணம் துரு மட்டுமன்று. வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடும்பொழுது அவற்றிடையே மின்னோட்டம் பிறந்து, வலுக்குறைந்த உலோகம் அரிக்கப்படுகிறது. வெண்கலப் பம்பில் இரும்புத் திருகாணியைப் பொருத்தினால், சிறிய இரும்பு பெரிய வெண்கலத்திற்குப் பலியாகிறது. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி இருப்பின் அலுமினியம் அரிந்து வெண்பொடியாகிறது. அப்பொடி பருத்து மரையை இறுகப் பற்றிக்கொள்கிறது.

ஆகவே தேர்வில் கவனம் தேவை. கடைகளில் கிடைக்கும் 304, 316 ஆகிய இருவகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கண்ணுக்கு ஒன்றே. ஆனால் 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்குகிறது. நீரிலேயே ஊறும் மரத்திற்குள் காற்றுப்படாமல் அதுவும் அரிபடும். அங்கே சிலிக்கான் வெண்கலமே உகந்தது. சாதாரணப் பித்தளையோ துத்தநாகத்தை இழந்து செம்பு நிறமடைந்து நொறுங்கும். மற்றொன்று, 6 மில்லிமீட்டர் மரையும் கால் அங்குல மரையும் ஏறக்குறைய ஒத்திருப்பினும் ஒன்றல்ல. அவசரத்தில் மாற்றி முறுக்குவோர் அடுத்த ஆண்டுக்கான தொல்லையை இன்றே விதைக்கின்றனர்.

கழற்றுவதில் பொறுமையே முதற்கருவி. தலையின் பள்ளத்திலுள்ள உப்பையும் சாயத்தையும் சுரண்டியெடுத்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்த வேண்டும். ஊடுருவும் எண்ணெயை முந்தின இரவே விட்டுவைப்பது நலம். காலையில் தலைமேல் சுத்தியலால் சிலமுறை தட்டி, முதலில் சற்றே இறுக்கி, பிறகு தளர்த்திப் பார்க்கலாம். அடிக்கும்பொழுதே திரும்பும் அடித்திருப்புளி பெரும்பாலும் வெற்றிதரும். அலுமினியத்தைச் சூடேற்றினால் அது எஃகைவிட அதிகம் விரிந்து பிடியை விடும். ஆயின் எண்ணெய், டீசல், ஃபைபர் கண்ணாடி ஆகியவற்றின் அருகே தீச்சுடரை அண்டவிடலாகாது.

கொச்சியில் ஒரு பட்டறையில் நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு திருகாணியின் தலை முறிந்தது. துளையிட்டு மிச்சத்தை எடுக்கப் பாதி நாள் பிடித்தது. பொருளாதாரம் படித்தவனாதலால் கூலியைக் கணக்கிட்டேன். திருகாணியின் விலையைப்போல் பன்மடங்காயிற்று. தொழிலாளி சிரித்துக்கொண்டே புதியதன் மரையில் கிரீஸ் தடவினார். அலுமினியமாயின் செம்புத்தூள் கலந்த பசை கூடாதென்றும், அது அரிப்பைக் கூட்டுமென்றும் சொன்னார். பின்னர் அதே அளவில் ஆறு திருகாணிகளை ஒரு சிறு டப்பாவிலிட்டுப் பம்பின் அருகிலேயே கட்டிவைத்தார்.