முல்லையை வெட்டத் துணியுங்கள்

மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியை ஒட்டி ஒரு முல்லைக்கொடி நிற்கிறது. வைத்து 11 வருடம் ஆகிறது. சித்திரையில் சாயங்காலம் நாலு மணிக்குக் கிண்ணத்தோடு போனால், விரியக் காத்திருக்கும் மொட்டுகள் ஒரு முழத்துக்குக் குறையாமல் கிடைக்கும். வாழை நாரில் தொடுத்துச் சாமி படத்துக்குச் சாத்திவிட்டு விளக்கேற்றும்போது அறை முழுக்க வாசம் நிறைந்திருக்கும்.

முதல் இரண்டு வருடம் இந்தக் கொடியில் ஒரு கைப்பிடிப் பூகூடக் கிடைக்கவில்லை. தபால் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். பக்கத்து வேப்பமரத்தின் நிழல் அதற்குக் குளிர்ச்சி என்று நினைத்தேன். நகத்தால்கூட ஒரு தளிரைக் கிள்ளியதில்லை. கொடி பந்தலை மூடிக் கரும்பச்சையாக வளர்ந்தது. பூ மட்டும் இல்லை.

எங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் பூக்காரம்மா ஒருநாள் நின்று பார்த்தார். "இம்புட்டு இலையை வச்சு என்ன செய்யப் போற தாயி? வேப்பங்கொப்பைக் கழிச்சு விடு, வெயில் விழட்டும். தை பிறந்ததும் முட்டி ஒசரத்துக்கு வெட்டி விட்ரு" என்றார். "செத்துப் போயிராதாம்மா?" என்று கேட்டேன். "வெட்டுனாத்தான் தாயி பூக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

அந்தத் தை மாதம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டினேன். குச்சி குச்சியாக நின்ற செடியைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. மூன்றாம் வாரம் கணுவுக்குக் கணு தளிர் வெடித்தது. பங்குனியில் ஒவ்வொரு தளிர் நுனியிலும் மொட்டுக் கொத்து.

காரணம் எளிது. முல்லை புதிதாக விட்ட தளிரில்தான் பூக்கும்; முற்றிய கொடி இலையைச் சுமக்கும். வெட்டாமல் விட்டால் செடியின் சத்தெல்லாம் பழைய கொடிக்கே போகும். இந்த வெட்டுக்குக் கவாத்து என்று பெயர். மல்லிகைக்குக் கார்த்திகையை ஒட்டி நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்று பூ விவசாயிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். முல்லையைத் தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சி எல்லாவற்றையும் அப்போதே எடுத்துவிடலாம்.

நம் வீட்டில் இருப்பது முல்லைதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூன்றும் அடுத்தடுத்துக் குவிந்திருந்தாலும் வீட்டில் வளரும் விதம் வேறு வேறு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, புதராக நிற்கும். மொட்டு உருண்டு திரண்டிருக்கும். இலை ஒற்றை இலை. பிச்சியின் இலை ஒரே காம்பில் பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடும். முல்லை படரும் கொடி, மொட்டு மெலிந்திருக்கும். பெரிய இலையின் அடியில் இரண்டு பக்கமும் சின்னக் காது போல இரண்டு இலைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். தாவரவியலார் இதற்கு வைத்த பெயரிலேயே காது இருக்கிறது: ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம்.

நடுவதற்கு ஆனி, ஆடி தொடங்கி ஐப்பசி வரை நல்ல காலம். பக்கத்து வீட்டில் முல்லை இருந்தால் நர்சரிக்கே போக வேண்டாம். தாழ்ந்த கொடி ஒன்றை வளைத்து, ஒரு கணுவை மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்து ஈரம் காத்தால் வேர்விடும். இதுதான் பதியம். தரையில் நட ஒன்றரை அடி ஆழக் குழி போதும். திருமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்குக் கரிசல் மண். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். செம்மண்ணும் மணலும் கலந்து மேடாக்கி நடுங்கள். தரை இல்லாதவர்கள் அடியில் ஓட்டை போட்ட பெரிய டிரம்மில் வைக்கலாம். மண் எப்படியிருந்தாலும், தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள்.

மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். அதிலும் நம் ஊர் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. அந்தத் தண்ணீரே பாய்ந்தால் செடியால் மண்ணிலிருக்கும் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இதற்கு இரும்பு உப்பான அன்னபேதி உதவும்; நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் தருவார்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு மாதம் ஒருமுறை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். கவாத்து முடிந்ததும் அடியில் 10 கிலோ மக்கிய தொழுவுரம் போடுங்கள். நான் இடையிடையே ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரும் விடுகிறேன்.

மொட்டில் ஓட்டையும் நூலாம்படையும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட்டு, 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டித் தெளியுங்கள். கோடையில் இலையின் அடியில் சிலந்திப்பேன் சேரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு குறையும். மொட்டு வெள்ளையாகாமல் பச்சை இலை போல மாறினால் அது நோய். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுவதே மற்றச் செடிகளுக்கு நல்லது. முல்லையில் ரகம் ஒன்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்திருக்கிறது. அதன் பெயர் பாரிமுல்லை.

பெயர்ப் பொருத்தம் அருமை. பற்றிப் படரக் கொம்பு இல்லாமல் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்த கதையைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. அவன் ஆண்ட பறம்பு மலை தொலைதூரத்தில் இல்லை. சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இன்று பிரான்மலை என்று நாம் அழைக்கும் மலைதான் அது என்பார்கள். கொடிக்கு என்ன வேண்டும் என்பதை அந்தக் கதை சரியாகவே பிடித்திருக்கிறது. முல்லை தானாக நிமிர்ந்து நிற்காது; சுற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பு வேண்டும். இரண்டு மூங்கில், நாலு கயிறு இருந்தால் பந்தல் ஆகிவிடும். எங்கள் வீட்டில் மாடிப்படியின் இரும்புக் கம்பியே அதற்குப் பந்தல்.

அந்தப் பூக்காரம்மா இப்போது எங்கள் தெருவுக்கு வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தையிலும் கத்தரியை எடுக்கும்போது அவர் சொன்னதுதான் காதில் கேட்கிறது. உங்கள் வீட்டிலும் இலை மட்டும் தழைத்து, பூக்காத முல்லை ஒன்று நிற்கலாம். அதன்மேல் விழும் நிழலைக் கழித்துவிடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். வருகிற தையில் பயப்படாமல் வெட்டுங்கள். பங்குனியில் கிண்ணத்தோடு போய்ப் பாருங்கள்.