வரி வாங்காத விழாவுக்கு ஏன் இவ்வளவு வசவு?

தலைக்கட்டு வரி என்றால் என்னவென்று நகரத்தில் வளர்ந்த நண்பர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஊரில் திருவிழா வந்தால் ஊர்க்கூட்டம் போடுவார்கள். இந்த வருஷம் கூத்து எத்தனை நாள், மேளம் யாரு, பந்தல் யாருக்கு என்றெல்லாம் பேசி, மொத்தச் செலவை ஊரில் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். கல்யாணமாகித் தனிக் குடித்தனம் வந்தவர் ஒரு தலைக்கட்டு. பெங்களூரில் கொத்தனார் வேலை பார்த்தாலும் சரி, சிங்கப்பூரில் இருந்தாலும் சரி, வரி கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அவர் ஊர்க்காரர். கணக்கு எளிமையானதுதான்.

நான் தொழிலால் மென்பொருள்காரன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கள்ளக்குறிச்சி வட்டாரத்துத் திருவிழாக்களைப் பற்றிக் கிடைப்பதைப் படித்துக் குறிப்பெடுப்பது என் பொழுதுபோக்கு. இப்போது நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் கலைவிழா ஒன்று நடத்தலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு ராத்திரி கூத்து, ஒரு சாயங்காலம் பறை, கல்வராயன் மலையிலிருந்து ஒரு ஆட்டம். தேதிகூட முடிவாகவில்லை, அதற்குள் வசவு வர ஆரம்பித்துவிட்டது. "நாம யாருகிட்டயும் ஒத்த ரூபா கேக்கல, இலவசமாத்தான் நடத்துறோம். அதுக்கே இப்படியா?" என்று குழுவில் சிலருக்கு எரிச்சல். எனக்கு என்னமோ அந்த இலவசத்தில்தான் விஷயமே இருப்பதாகத் தோன்றுகிறது.

ஊர் விழாவிலும் வசவு உண்டு

திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வட்டாரத்தில் இது பெரிய விழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தரையில் படுத்திருப்பான். ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்க ஆய்வாளர் செஞ்சிப் பக்கத்துக் கோயில்களில் தொடங்கி இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதி 1988இல் வெளிவந்தது. ரிச்சர்ட் ஃபிராஸ்கா கூத்தைப் பற்றி எழுதிய நூல் 1990இல் வந்தது.

இந்தக் கூத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் வாயை மூடிக்கொண்டா பார்க்கிறார்கள்? "போன வருஷ செட்டே தேவலை", "துரியோதனனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு", "கட்டியக்காரன் காசுக்கு வேலை செய்யல" என்று விடிய விடிய விமர்சனம் ஓடும். ஆனால் யாரும் "இந்த விழா எதற்கு?" என்று கேட்பதில்லை. ஏனென்றால் கூத்துக்காரரிடம் வெற்றிலை பாக்கு வைத்து நாள் குறித்தது ஊர். குறை சொல்பவரும் அந்தச் செலவில் ஒரு பங்கு. எங்கள் தொழிலில் மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிறவர்தான் விடாமல் குறை எழுதி அனுப்புவார், அது மாதிரிதான்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம் கூவாகம். உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள இந்தச் சின்ன ஊரை, சித்திரையில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ள வரும் திருநங்கைகளால் நாடே அறியும். பத்திரிகைப் படங்களில் வராத ஒரு செய்தி உண்டு. தேரில் ஏறும் அரவானின் உடற்பாகங்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து சேர்கின்றன. அதாவது சாமியின் உடம்பே பல ஊர்களின் பங்கு. இத்தனை ஆயிரம் வெளியாட்கள் வந்து போகிற விழா அந்த ஊர்களின் கையை விட்டுப் போகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு 'ஆஹா, நம் முன்னோர்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். தலைக்கட்டு வரிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. பல ஊர்களில் காலனிக்காரர்களிடம் வரி வாங்க மாட்டார்கள். கேட்பதற்குச் சலுகை மாதிரி இருக்கும். உண்மையில் அது 'உனக்கு இந்த விழாவில் பங்கில்லை' என்று சொல்வது. வரி கொடுக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலித் மக்கள் போராடியதும், அதனால் தேர் நின்றுபோனதும் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. பணத்தைக் கொடுக்கவே போராட வேண்டிய நிலை என்றால், அந்த வரி வெறும் பணம் இல்லை என்பது விளங்கும்.

வெளியிலிருந்து வரும் விழா

இனி எங்களைப் போன்றவர்கள் நடத்தும் விழாக்களுக்கு வருவோம். கொச்சியில் முதல் பினாலே 12-12-2012 அன்று தொடங்கியது. கேரள அரசு 5 கோடி ரூபாய் கொடுத்திருந்தது. உலகம் முழுவதிலுமிருந்து கலைஞர்கள் வந்தார்கள். ஆனால் கேரளத்துக் கலைஞர்களிலேயே ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தார்கள். கேள்வி ஓவியத்தைப் பற்றியது அல்ல. யார் பணம், யார் கேட்டு யார் முடிவு செய்தார்கள் என்பதுதான்.

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் ஒரு விழா தொடங்கியது. பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மீனவர்களும் சேர்ந்து நடத்தியது. கர்நாடக இசையும் கூத்தும் பறையும் ஒரே இடத்தில். உடனே வந்த விமர்சனம்: மீனவர்களுக்குக் கச்சேரி கேட்கக் கற்றுக்கொடுக்கப் போகிறார்களா? குப்பத்தாரை உயர்த்துவது நோக்கமல்ல, பக்கத்திலேயே இருந்தும் அந்தப் பக்கம் கால் வைக்காத நகரத்தார் அங்கே வர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று நடத்தியவர்கள் பதில் சொன்னார்கள். பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கேள்வியும் நியாயமானதுதான். அந்தக் கேள்வி வந்ததால்தான் பதில் அவ்வளவு தெளிவாக வந்தது.

பெயரும் பெண்பிள்ளைகளும்

எதிர்ப்பு என்றால் காஞ்சிபுரத்துக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பரம்பரைக் கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் கலைஞர்களும் சேர்ந்து 1990இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கட்டைக்கூத்துச் சங்கம். கூத்தர் தோளிலும் மார்பிலும் தலையிலும் பூணுகிற மரத்தாலான அணிகள் 'கட்டை'. 'தெரு' என்ற சொல்லில் ஒரு இளக்காரம் ஒட்டியிருப்பதாகக் கலைஞர்கள் கருதினார்கள். தெருக்கூத்து என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பெயர், அதை மாற்ற நீங்கள் யார் என்று மறுபக்கத்தில் எதிர்ப்பு. இராஜகோபாலின் துணைவியார் ஹன்னா டி புரூயின் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் என்பதால் இந்தச் சண்டை இன்னும் காரமாயிற்று. அவரே இந்தப் பெயர்ச் சண்டையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

இன்று இரண்டு பெயரும் வழங்குகின்றன. புரிசையில் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள், அந்த மரபின் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கட்டைக்கூத்து என்ற பெயரும் நிலைத்துவிட்டது. யாரும் யாரையும் வெல்லவில்லை.

பெயரைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கூத்து ஆண்கள் ஆடுவது, பெண் வேடமும் ஆண்தான் கட்டுவார். 2002இல் சங்கம் தொடங்கிய குருகுலத்தில் பையன்களோடு பெண்பிள்ளைகளும் தங்கிப் படித்தார்கள், ஆடினார்கள். ராத்திரி மேடையில் பொண்ணு ஆடினால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார் என்ற பேச்சு எழாமலா இருக்கும்? மேடையில் ஓர் இரவு நடத்திக்காட்டி அடக்கிவிடக்கூடிய பேச்சு இல்லை இது. பிள்ளைகளைப் பெற்றவர்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். குருகுலம் 2020இல் மூடப்பட்டது, ஆனால் கூத்தில் பெண்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு வந்த வசவுகள்

இந்த வெளிச்சத்தில் எங்களுக்கு வந்ததைப் பார்க்கிறேன்.

கடைவீதிப் பெரியவர் ஒருவர் சொன்னது: "சாராயத்துல அத்தன உசுரு போன ஊருப்பா. கூத்து ஒண்ணுதான் இங்க கொறச்சலா?" 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கருணாபுரத்தில் ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கிளம்பியதைத் தமிழ்நாடே பார்த்தது. அவர் கேட்டது கலைக்கு எதிரான கேள்வி அல்ல. என் துக்கம் உன் நிகழ்ச்சி நிரலில் எங்கே இருக்கிறது என்கிறார். துக்கத்துக்கும் கூத்துக்கும் பகை ஒன்றும் இல்லை. காரியத்தன்று ராத்திரி கர்ண மோட்சம் வைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதை வைக்கச் சொல்வது இழவு வீட்டுக்காரர். நாங்களாக முடிவு செய்து அவர்கள் வாசலில் ஆட வைக்க முடியாது.

இன்னொரு தம்பி, பறையடிக்கிற குடும்பத்தில் பிறந்து இப்போது வேறு வேலை பார்ப்பவர்: "எங்கப்பா வேணாம்னு எறக்கி வெச்சதுண்ணே. நீங்க ஏன் மேடையில ஏத்துறீங்க?" இது தலித் இயக்கங்களுக்குள்ளேயே நடந்த பழைய விவாதம். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடிவாங்கிய ஊர்கள் உண்டு. அதே பறையை விடுதலையின் இசையாக எடுத்து அடித்த சக்தி கலைக்குழு போன்ற பெண்கள் குழுக்களும் உண்டு. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தது. இரண்டு நிலையும் சரியாக இருக்க முடியும். எதை எடுப்பது என்பதை அடித்தவர்களும் அடிக்க மறுத்தவர்களும்தான் சொல்ல வேண்டும், எங்கள் குழு அல்ல.

மூன்றாவது மலையிலிருந்து: "எங்கள ஆட வெச்சு போட்டோ எடுத்துக்குவீங்க. அப்புறம்?" கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசு முழுதாக எடுத்துக்கொண்டது 1976இல்தான். கூப்பிட்ட இடத்துக்குக் கூலியில்லாமல் வேலைக்குப் போன ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகளிடம் 'வந்து ஆடுங்கள், சாப்பாடு உண்டு' என்று சொன்னால் அது எப்படிக் கேட்கும்? வெள்ளிமலையில் அரசு நடத்தும் கோடை விழாவிலாவது துறைக் கடைகள் இருக்கும், மனுக் கொடுக்க அதிகாரி இருப்பார். எங்களிடம் என்ன இருக்கிறது?

இனி என்ன

மூன்று பேரும் கேட்பது ஒன்றைத்தான்: என்னை யார் கேட்டார்கள்? இலவச விழாவில் இந்தக் கேள்வியைக் கேட்க இடமே இல்லை. வரி வாங்கினால் கூட்டம் போட வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். இலவசத்துக்கு நன்றி மட்டும்தான் சொல்லலாம். நன்றி சொல்ல மனமில்லாதவர் என்ன செய்வார்? வைவார்.

ஆகவே குழுவில் நான் வைத்த யோசனைகள் இவை. பணம் எங்கிருந்து வந்தது, யாருக்கு எவ்வளவு என்பதை விழாவுக்கு முன்பே பலகையில் எழுதி வைப்பது. மலையிலிருந்து வருகிறவர்களுக்கும் கூத்து செட்டுக்கும் ஒரே அளவு சம்பளம், முன்பணத்தோடு. படம் எடுப்பதா வேண்டாமா என்பதை ஆடுகிறவர்களே முடிவு செய்வது. பறை நிகழ்ச்சியை இப்போதைக்கு நிரலில் இருந்து எடுத்துவிட்டு, அந்தத் தம்பி வகையறாவோடு உட்கார்ந்து பேசுவது. வீட்டுக்குப் பத்து ரூபாயாவது வாங்குவது, அதுவும் எல்லாத் தெருவிலும், ஒரு தெருவையும் விடாமல்.

சட்டமும் ஒரு விஷயத்தில் ஊர்ப்பக்கம் நிற்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010 திருத்தத்தில் இசைக்கருவிகளும் சேர்ந்துவிட்டன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை அரசு தளர்வு தரலாம். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். ஆக, விடிய விடியக் கூத்து என்பது பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்கிற வரைக்கும்தான். பாரதக் கூத்தை அவர் பொறுத்துக்கொள்வது அது அவருடைய கூத்து என்பதால். எங்களுடையதை அவர் ஏன் பொறுக்க வேண்டும்? பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தை யோசித்தோம், சுற்றிலும் வீடுகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கேட்கப் போகிறோம். பாதிப்பேர் வேண்டாம் என்றால், சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிகிற கூத்துதான்.