வீதி விலக்கு

குற்றம் புரிந்தோனைச் சிறையில் அடைத்தல் யாவரும் அறிந்ததே. ‘இவ்வீதியில் ஓராண்டு கால் வையாதே’ என்று விதிக்கும் தண்டனையும் உண்டு. அதனை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து லாஸ் வேகஸில், சூதாட்ட மாளிகைகளும் விடுதிகளும் செறிந்த பெருவீதியொன்று ஏறக்குறைய 4 மைல் நீண்டு கிடக்கின்றது. பெயர் அந்நகரினதாயினும் வீதியின் பெரும்பகுதி நகரெல்லைக்குப் புறம்பானது. கிளார்க் கவுண்டியின் ஆட்சிக்குட்பட்டது. வெளியூரார் வருகையே அதன் வாழ்வு. ஆதலின், அங்குக் குற்றம் புரிந்தோரை ஓராண்டுவரை விலக்கிவைக்க 2022-இல் கவுண்டி விதி வகுத்தது. மறு ஆண்டு அவ்வீதிக்கெனத் தனி நீதிமன்றமும் எழுந்தது.

விருந்தினர் அஞ்சாது உலவவேண்டும் என்பது நியாயமே. ஆயினும், காண வந்தோனுக்கு அவ்வீதி ஒரு காட்சி. ஆங்கே நிழலும் நீரும் தேடி உழல்வோனுக்கோ அதுவே ஊர். தண்டனை ஒன்றாயினும் இழப்பு ஒன்றன்று.

இதனை முந்திய வழக்கொன்று தெளிவாக்கும். ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரம், போதைப்பொருட் குற்றத்திற்குச் சில பகுதிகளினின்றும் விலக்கும் விதியை 1996-இல் இயற்றியது. கைதானாலே 90 நாள் விலக்கு. குற்றம் உறுதிப்படின் ஓராண்டு. பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச்சென்று வந்த பாட்டி ஒருவர், தம்மீது குற்றச்சாட்டு நிலைபெறாதிருந்தும், அவர்கள் வாழும் பகுதியுள் நுழையவொண்ணாதவரானார். உறவினரோடு கூடியிருத்தலும் உள்ளூரில் நடமாடுதலும் மக்களுரிமை எனக்கொண்டு, மேன்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் அவ்விதியைத் தள்ளியது.

லாஸ் வேகஸ் தனி நீதிமன்றத்தையோ, 2024 இறுதியில் நீதிபதிகளே நிறுத்தத் துணிந்தனர். மறு ஆண்டே அதனை மீட்க ஆளுநர் முயன்றார்.